பெற்றோரிடம் கேட்கவும்

எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகிறது. எட்டாம் வகுப்பு படிக்கிற மகள் இருக்கிறாள். குடவாசலுக்குத் தெற்கே ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, தனியாளாக நின்று உழவு ஓட்டி, சேறு கலக்கி, நாற்றங்கால் விட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து, காலை ஏழு மணிக்கு, முழங்கால் சேற்றில் நிற்கும்போது, என் சொந்த போன் சொல்கிறது: ‘இந்தச் சாதனம் பூட்டப்பட்டுள்ளது. திறப்பதற்கு உங்கள் பெற்றோரிடம் கேட்கவும்.’

என் அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா பூதலூரில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு போனை எடுத்துக் காதில் வைக்கவே இன்னொரு ஆள் வேண்டும். நான் யாரைப் போய்க் கேட்பது?

எதிரே போர்வெல் குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் முளை கட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்திருந்தேன். அன்று காலையில் பாத்தியில் நின்ற தண்ணீரை வடிய விட வேண்டும். அதற்கு மேல் தண்ணீர் பாய்ந்தால், மண்ணைப் பிடிக்காத விதை மிதந்து ஒரு பக்கமாக ஒதுங்கி அழுகிப்போகும். மோட்டாரை நிறுத்துகிற பொத்தான் போனுக்குள் இருந்தது. போனோ எட்டு மணி வரை திறக்காது.

சும்மா சொல்லக்கூடாது, இந்தப் பூட்டை வீட்டுக்குள் கொண்டுவந்த புண்ணியவதி நானேதான். என் வீட்டுக்காரர் ராஜராஜன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். போன வருடம் முழுக்க அவரிடம் ஒரே புலம்பல். "உங்க பொண்ணு போனும் கையுமாவே திரியிறா, கூப்பிட்டா காதுல விழ மாட்டேங்குது, சோத்தைத் தட்டுல வச்சுட்டு எதையோ தேச்சுக்கிட்டே இருக்கா, நீங்க வந்து ஒரு வழி பண்ணுங்க." பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தைப் போனில்தான் அனுப்புகிறார்கள், பிடுங்கி வைக்கவும் முடியாது. நானே வாயைக் கொடுத்தேன், நானே மாட்டிக்கொண்டேன்.

தை மாதம் விடுமுறையில் வந்தார். ஒரு நாள் மத்தியானம் முழுக்க கூடத்தில் உட்கார்ந்து, மகள் அபயாவின் போன், என் போன் இரண்டையும் வைத்துக்கொண்டு என்னென்னவோ நோண்டினார். பிள்ளைகளின் போனைப் பெரியவர்கள் எங்கிருந்தும் கட்டுப்படுத்துகிற ஆப் ஒன்று இருக்கிறதாம். அபயாவுக்குத் தினம் ஒரு மணி நேரம். இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டு வரை முழுப் பூட்டு. பேச மட்டும் வழி விடும்.

"அவளுக்குப் போட்டது சரி. என் போனுல எதுக்கு?" என்றேன்.

"உன் போனை அவ எடுக்க மாட்டாளா? ரெண்டுலயும் போட்டாத்தான் கட்டுக்குள்ள நிக்கும். உன் போன் ஸ்லோவா வேற கெடந்துச்சு, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா பண்ணியிருக்கேன்."

எவ்வளவு அக்கறை என்று பூரித்துப் போய், அவருக்கு வடை சுட்டுக் கொடுத்தேன். அந்த வடையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு என் போனில் யூடியூபைத் திறந்தால் வாத்துக்குஞ்சு எண்ணிக்கை சொல்லிக் கொடுத்தது. சமையல் வீடியோ ஒன்றும் வராது. சரி, பிள்ளைக்காகப் போட்ட பூட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையோ ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அவரிடம் கேட்டதற்கு, "படிப்புக்குன்னு கேட்டா, கூடக் குடுத்தேன். அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார். பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

அதே விடுமுறையில்தான் மோட்டாருக்கும் போனில் இயங்குகிற ஸ்டார்ட்டரை மாட்டினார். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி வைக்கலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். எல்லாம் இரண்டே இரண்டு போனில்தான், ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது. ஒயர் திருடுகிறார்கள் என்று மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். சாவியை என்னிடம் தரவில்லை, தன் தங்கை ஈஸ்வரியிடம் கொடுத்தார். அவள் வீட்டுக் கொல்லை எங்கள் வயலை ஒட்டி இருக்கிறதாம், அவசரத்துக்கு வசதியாம். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது நிலம். மாமனார் இருந்தவரை அவர் பார்த்தார். அவர் போன பிறகு, ஈஸ்வரியின் புருஷன் துரைராசுவுக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அண்ணனும் தங்கையும் பேசி முடித்துவிட்டார்கள். நான் விடவில்லை. நானும் பூதலூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்தான், நான் பார்க்கிறேன் என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"ஒரு குறுவை. ஒண்ணே ஒண்ணு. சொதப்பிட்டன்னு வை, மறு பேச்சு இல்லாம துரைராசு கையில குடுத்துடுவேன். அப்புறம் நீ வாயைத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றேன். நாற்று தேறினால் நிலம் என் கையில். தேறாவிட்டால் துரைராசு கையில். அவ்வளவுதான் கணக்கு.

விதையை ஊற வைத்து, முளை விடுவதற்காகச் சாக்கில் கட்டி மூட்டம் போட்டிருந்தேன். அவர் வெள்ளிக்கிழமைதான் தெளிக்க வேண்டும் என்று மஸ்கட்டிலிருந்து நாள் பார்த்துச் சொல்லிவிட்டார். புதன்கிழமை மத்தியானமே சாக்கைப் பிரித்தால் முளை வெள்ளையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் விட்டால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், தெளித்தால் ஒடியும். யாரிடமும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே தெளித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த அபயாதான் கூடை எடுத்துக் கொடுத்தாள். "அப்பாகிட்ட இப்ப சொல்லாத, நானே வெள்ளிக்கிழமை சொல்லிக்கிறேன்" என்றேன். தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, மோட்டார் தானாக ஓடுவதைப் போனில் எடுத்துவிட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். எடுத்துத்தான் இருந்தது.

ஆனால் வியாழக்கிழமை காலையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு போன் போட்டேன். அங்கே ஐந்தரை மணி, வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற நேரம். நல்ல வேளை, எடுத்தார்.

"ஏங்க, மோட்டாரை நிறுத்துங்க. உடனே."

"என்ன காலங்காத்தால?"

"என் போன் பூட்டிக் கெடக்கு, ஆப்பைத் தொறக்க முடியல. நீங்க அமுக்குங்க, சீக்கிரம்."

"யாரைக் கேட்டு விதை தெளிச்ச?" என்றார்.

"அதை அப்புறம் பேசலாம். மொதல்ல நிறுத்துங்க!"

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னேனா இல்லையா? நான் என்ன கிறுக்கனா?"

"முளை விட்ட விதைக்கு உங்க வெள்ளிக்கிழமை தெரியுமாங்க? ஏங்க, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, கெஞ்சிக் கேக்குறேன்..."

"பஸ் வந்துடுச்சு. வைக்கிறேன்."

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். அதுவும் அப்படியே.

மண்வெட்டியால் சேற்றை அள்ளி மடையை அடைத்தேன். குழாயிலிருந்து வருகிற வேகத்துக்கு அது கால் மணி கூட நிற்கவில்லை, கரைத்துக்கொண்டு போனது. வடிகால் பக்கம் வரப்பை வெட்டி விட்டேன். தண்ணீர் போனது, கூடவே விதையும் போக ஆரம்பித்தது. பதறிப்போய் அதை மறுபடி அடைத்தேன். மோட்டாரை நிறுத்தாமல் எதுவும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. வரப்பில் ஓடி ஈஸ்வரி வீட்டுக் கொல்லை வேலியில் போய் நின்றேன். அவள் காபி டம்ளரோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஈஸ்வரி, கொட்டகைச் சாவியைக் குடு. மோட்டாரை நிறுத்தணும்."

"போனுலயே நிறுத்தலாமே அண்ணி?"

"போன் தொறக்கல. சீக்கிரம் குடு, விதை போவுது."

அவள் எழுந்திருக்கவில்லை. "அண்ணன் என்னை நம்பிக் குடுத்துட்டுப் போன சாவி. அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தர்றேன் அண்ணி. தப்பா நெனச்சுக்காதீங்க."

"உங்கண்ணன் எடுக்க மாட்டேங்குறாருடி!"

"வேலையில இருப்பாரு. கூப்பிடுவாரு. அவசரப்பட்டா எப்படி?" என்று ஒரு வாய் காபி குடித்தாள்.

அந்த டம்ளரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். வேலி நடுவில் இருந்ததால் அவள் பிழைத்தாள். ஒரு காலை நேரத்துக்குள் மூன்று பேர். போன் பெற்றோரிடம் கேட்கச் சொல்கிறது, புருஷன் யாரைக் கேட்டாய் என்கிறார், இவள் அண்ணனைக் கேட்டுத் தருகிறேன் என்கிறாள். நான் இந்த வீட்டில் என்ன, அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளையா? ஆத்திரம் தலைக்கு ஏறியது. திரும்பி வயலுக்கு ஓடினேன். கொட்டகைப் பூட்டின் மேல் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் ஓங்கி ஓங்கி அடித்தேன். ஆறோ ஏழோ அடியில் கொண்டி பெயர்ந்து வந்தது. உள்ளே போய்க் கையால் மோட்டாரை நிறுத்தினேன்.

ஈஸ்வரி வேலிப் பக்கம் வந்து நின்று, "ஐயையோ, பூட்டை ஒடச்சுட்டீங்களா அண்ணி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஆமா, ஒடச்சேன். உங்கண்ணங்கிட்ட சொல்லு. அவரு உனக்கு மட்டும் போனை எடுப்பாரே" என்றேன்.

தண்ணீர் மெல்ல வடிந்த பிறகு பார்த்தேன். நேற்று சீராகத் தூவிய விதையெல்லாம் வடக்கு மூலையில் குப்பையாக ஒதுங்கிக் கிடந்தது. நடுப் பாத்தி வெறும் சேறு. உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அழுதால் ஈஸ்வரி பார்ப்பாள் என்று அழவில்லை. வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவி, அபயாவுக்குச் சோறு கட்டி, அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, குடவாசல் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் ஒரே எண்ணம்தான், இந்தப் பூட்டை இன்றைக்குப் பிடுங்கி எறியாமல் வீடு திரும்புவதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சித்தீக் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறான். போனை வாங்கி ஏதேதோ தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு நெற்றியைச் சுருக்கினான்.

"அக்கா, இது பாப்பா போனா?"

"இல்ல தம்பி, என் போன். பாப்பாவுக்குத் தனியா இருக்கு."

"இல்லக்கா... இதுல இருக்கற கணக்கு, அதான் அக்கவுண்டு, ஒரு சின்னப் புள்ளையோடது."

"அவ எடுப்பான்னு எங்க வீட்டுக்காரரு அதுலயும் பூட்டு போட்டாரு."

"அப்படி இல்லக்கா." அவன் என் முகத்தைப் பார்க்காமல் போனை என் பக்கம் திருப்பினான். "பேரு மேகலான்னு உங்க பேருதான் இருக்கு. பொறந்த தேதியைப் பாருங்க. இதும்படி உங்களுக்குப் பதினோரு வயசு. பெரியவங்க கணக்குன்னா உங்க சம்மதம் இல்லாம இப்படிப் பூட்ட முடியாதுக்கா. அதான் வயசைக் கொறச்சுப் போட்டிருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க, எந்த ஆப்புல எவ்ளோ நேரம் இருக்கீங்க, எல்லாம் அங்க தெரியும்."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு முகம் சுட்டது. நான் கோயிலுக்குப் போனதும், ஆஸ்பத்திரிக்குப் போனதும், ஒரு மத்தியானம் மனசு சரியில்லாமல் வாய்க்கால் பாலத்தில் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததும், எல்லாவற்றையும் அந்த ஆள் அங்கிருந்து பார்த்திருக்கிறார். மகளைவிட இரண்டு வயது இளையவளாக என்னை எழுதி வைத்திருக்கிறார். பதினைந்து வருடம் குடும்பம் நடத்தின எனக்கு இந்த மரியாதை!

"எடுத்துடு தம்பி" என்றேன்.

"அவரு பாஸ்வேர்டு வேணும். இல்லாட்டி முழுசா அழிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். போட்டோ எல்லாம் போயிடும்க்கா."

"போகட்டும். அழி."

புதுக் கணக்கில் பிறந்த தேதி கேட்டது. சித்தீக் அடிக்கப் போனான், நான் போனை வாங்கி நானே அடித்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து அதிலிருந்த சிம்மைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் மஸ்கட்டில் இருப்பதால் அந்த சிம்மை என் ஆதாரைக் கொடுத்துத்தான் வாங்கியிருந்தோம்.

நாலரை மணிக்கு அபயா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். எதிரில் போய் நின்றேன்.

"அபயா, உங்கப்பா என் போனுல என்னைச் சின்னப் புள்ளன்னு போட்டு வச்சிருக்காருடி. பதினோரு வயசாம்."

அவள் திடுக்கிடவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றாள்.

கையை நீட்டி அவள் போனைப் பிடுங்கினேன். "அம்மா, குடும்மா!" என்று பாய்ந்தாள். ஒரு கையால் அவளைத் தள்ளிக்கொண்டு, அவளும் அப்பாவும் அனுப்பிக்கொண்ட செய்திகளைத் திறந்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள். வாசிக்கக் கஷ்டமில்லை.

‘அம்மா இன்னைக்கு பூதலூருக்கு நாப்பது நிமிஷம் பேசிச்சு. ஈஸ்வரி அத்தையைத் திட்டிச்சு.’ அதற்குக் கீழே அவர், ‘வெரி குட். அரை மணி நேரம் போட்டிருக்கேன்.’

‘அம்மா சமைக்கல, கடையில பரோட்டா வாங்கிச்சு.’ அதற்கும் அரை மணி நேரம். ‘அம்மா மத்தியானம் தூங்கிச்சு.’ அதற்குக் கால் மணி நேரம்தான், தூக்கத்துக்கு மதிப்பு குறைவு போலிருக்கிறது. தை மாதத்திலிருந்து பக்கம் பக்கமாக இதேதான். நான் சிரித்தது, அழுதது, சண்டை போட்டது, எல்லாமே அதில் இருந்தது.

கடைசியாக நேற்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு: ‘அம்மா இன்னைக்கே விதை தெளிச்சிடுச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிச்சு. ஒரு மணி நேரம் தாங்கப்பா ப்ளீஸ்.’

அவர் பதில்: ‘ரெண்டு மணி நேரம் வச்சுக்கோ.’

அப்போதுதான் காலையில் பேசியது நினைவுக்கு வந்தது. நான் மோட்டாரை நிறுத்துங்கள் என்றுதான் சொன்னேன். விதை என்ற வார்த்தையை நான் சொல்லவேயில்லை. அவர்தான் சொன்னார். நேற்று சாயங்காலமே அவருக்குத் தெரியும். மோட்டார் தானாக ஓடுவதை நான் எடுத்துவிட்டது தெரிந்தேதான் மறுபடி ஓடும்படி வைத்திருக்கிறார். நாற்றங்கால் பாழாகட்டும், நிலம் துரைராசுவுக்குப் போகட்டும் என்று. அடப் பாவி மனுஷா. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏண்டி இப்படிப் பண்ணின? நான் உனக்கு என்னடி கொறை வச்சேன்?"

அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை. "அப்பாதான் கேட்டாரு. என் கிளாஸ்ல எல்லாரும் குரூப்ல பேசிக்கிறாங்க, நான் மட்டும் ஒரு மணி நேரத்துல காணாமப் போயிடறேன். உங்கிட்ட கேட்டா நீ தருவியா? கத்துவ. நீதானம்மா மொதல்ல என்னைப் பத்தி அப்பாகிட்ட போட்டுக் குடுத்த? தினம் தினம் சொன்ன. நானும் உன்னைப் பத்திச் சொன்னேன்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் மகளோடு நான் பேசித் தீர்க்க வேண்டியதை, கடல் தாண்டி இருக்கிற ஆளிடம் கொடுத்துத் தீர்க்கச் சொன்னேன். அவர் நன்றாகத் தீர்த்துவிட்டார்.

"வா" என்றேன்.

"எங்க?"

"வாடின்னா வா."

யூனிஃபார்மோடு அவளை வயலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெயில் தாழ்ந்திருந்தது. வடக்கு மூலையில் விதை ஒதுங்கிக் கிடந்த இடத்தைக் காட்டினேன்.

"நேத்து நீ கூடை எடுத்துக் குடுத்தியே, அந்த விதை. நீ அப்பாகிட்ட சொன்ன. அப்பா மோட்டாரை ஓட விட்டாரு. நல்லாப் பாத்துக்க. நீ வாங்கின ரெண்டு மணி நேரம் இதுதான்."

அவள் பார்த்தாள். குனிந்து ஒரு பிடி விதையை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சிலதில் முளை ஒடிந்திருந்தது, சிலதில் அப்படியே இருந்தது. "அப்பா வேணும்னே பண்ணியிருக்க மாட்டாரும்மா" என்றாள்.

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. வீடியோ கால், அப்பா. அவள் என்னைப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமா?"

"எடு."

எடுத்தாள். "அபயா கண்ணு, அம்மா என்ன பண்றா? மத்தியானம் எங்க போனா? பதினோரு மணிக்கு மேல அவ போன் எங்க இருக்குன்னே காட்ட மாட்டேங்குது" என்று அவர் குரல் வந்தது. தினமும் இப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது, அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

அபயா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "அப்பா, அம்மா விதை தெளிச்சது தெரிஞ்சுதான் மோட்டாரைப் போட்டீங்களா?"

"அதெல்லாம் பெரியவங்க விஷயம். நீ சொல்லு, அம்மா எங்க?"

"இங்கதான் நிக்குது. நீங்களே கேட்டுக்கங்க" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பூட்டை ஒடச்சியாமே? ஈஸ்வரி எல்லாத்தையும் சொன்னா. ஸ்டார்ட்டர்ல கைய வச்சியா? சிக்னலே இல்ல. சொன்ன மாதிரியே சொதப்பிட்டல்ல? நாளைக்கே நிலத்தை துரைராசுகிட்ட ஒப்படைக்கச் சொல்லிட்டேன்."

"சொல்லுங்க. வந்து எறங்கட்டும், நானும் பாக்குறேன்" என்றேன். "சிம்மை நான்தான் எடுத்தேன். அது என் பேருல இருக்கு. இனிமே இங்க மோட்டார் போடணும்னா நீங்க பிளேன் ஏறி வந்து கையால போடுங்க. போனைப் புதுசா மாத்திட்டேன், எனக்கு அதுல முப்பத்தெட்டு வயசு. இன்னொண்ணு. புள்ளைய வேவு பாக்க வச்சதுக்கு உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன். விதையைக் கெடுத்ததைக்கூட மறந்துடுவேன், இதை மறக்க மாட்டேன்."

"ஏய், யாருகிட்ட பேசுற..."

"உங்ககிட்டதான் பேசுறேன். பாதி விதை தேறும். ஒத்தை நாத்தா எடைவெளி விட்டு நட்டா ஆறு மாவுக்கும் அது போதும். அறுவடைக்கு வாங்க, வந்து பாருங்க."

அவர் துண்டித்துவிட்டார். தேறும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், தேறுமா என்று எனக்கே தெரியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஒதுங்கிய விதையை அள்ளி மறுபடி பாத்தியில் பரப்ப வேண்டும், அதுவும் இருட்டுவதற்குள்.

"அம்மா."

திரும்பிப் பார்த்தேன். அபயா வரப்பில் நின்று போனை என் பக்கம் நீட்டினாள். அவர் மஸ்கட்டிலிருந்து அவளுடையதையும் முழுசாகப் பூட்டிவிட்டார். திரையில் காலையில் நான் பார்த்த அதே வாசகம் நின்றது.

"பெற்றோரிடம் கேட்கவும்னு வருதும்மா" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப கேளு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவும் பெற்றோர்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. தயங்கித் தயங்கி, "ஒரு மணி நேரம் தருவியாம்மா?" என்றாள்.

"தர மாட்டேன். மொதல்ல அந்தக் கூடையை எடு" என்றேன்.

போனை வரப்பில் வைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.